அம்மாவோடு காரில் நியூசிலாந்து

நியூசிலாந்தில் கார் பயணம் என்றதும் பிள்ளைகள் மேப்பில் தேடுவது ஏரியும் பனிமலையும். முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கோ கழிவறை எங்கே என்பதுதான் கவலை. வாய்விட்டுச் சொல்லமாட்டார், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். வெயில் இல்லாத ஊரிலும் உடம்பு வாடிப்போவது இதனால்தான். எனவே, முதலில் குறிக்க வேண்டியது நிறுத்தங்களை.

குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்குச் சுமார் 290 கி.மீ. போகவே நான்கு மணி நேரம். அன்றே திரும்புவது அம்மாவுக்குத் தண்டனை. நடுவே தே அனாவ் ஊரில் இரண்டு இரவு தங்கினால், அங்கிருந்து 120 கி.மீ.தான். பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் செல்போன் சிக்னல்கூடப் பெரும்பாலும் கிடைக்காது. வழியில் மிரர் லேக்ஸ் ஏரிகளை, சில நிமிட நடையிலேயே பார்த்துவிடலாம்.

பெரிய எஸ்யூவி கம்பீரம்தான், ஆனால் ஏறுவது கஷ்டம். தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பாருங்கள். மடக்கிய சக்கர நாற்காலியும் பெட்டிகளும் டிக்கியில் அடங்குமா, அறையில் படியில்லாத ஷவர் உண்டா என்று புக் செய்யும் முன்பே கேளுங்கள்.

நம் ஊர் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். முன் இருக்கை அம்மாவுக்கு. மேப் பார்ப்பவர் பின்னால் உட்காரட்டும்.