சிரித்தால் சரியும் உடல்

இறைச்சித் தட்டைக் கண்டதும் அந்த டாபர்மேன் நாய் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வரும். ஒரு துண்டைக் கவ்வும். உடனே பின்னங்கால்கள் துவண்டு, உடல் ஒருபக்கமாகச் சரியும். கண்கள் திறந்தே இருக்கும். சற்று நேரத்தில் எழுந்து அடுத்த துண்டைக் கவ்வும், மறுபடியும் சரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட் 1970களில் இத்தகைய நாய்களைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். சாப்பாடும் விளையாட்டும்தான் அவற்றைச் சாய்த்தன. அதாவது, சந்தோஷம்.

மனிதர்களுக்கும் இது உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ 1880இல் ஒரு மதுப்பீப்பாய் வியாபாரியைப் பற்றி எழுதினார். அவர் பகலில் நினைத்த இடத்தில் தூங்கிவிழுவார். வாய்விட்டுச் சிரித்தாலோ, நல்ல வியாபாரம் படியப்போகிறது என்று தெரிந்தாலோ கால்கள் பலமிழக்கும். இந்த நோய்க்கு ஜெலினோ வைத்த பெயர் நார்கோலெப்ஸி. உணர்ச்சி மேலிடும்போது தசைகள் சட்டெனத் தளர்வதைக் காட்டாபிளெக்சி என்கிறார்கள்.

இதில் என்ன புதிர்? மனம் கிளர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கண்மணி விரியும், உள்ளங்கை வியர்க்கும், தூக்கம் பறந்துவிடும். நாம் அறிந்தது இதுதான். அறிவியலும் நெடுநாள் இதைத்தான் சொன்னது. மூளை ஆய்வாளர்கள் மொருஸி, மகூன் இருவரும் 1949இல் பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, மூளை மின்னலைகள் தூக்கத்தின் பெரிய மெதுவான அலைகளிலிருந்து விழிப்பின் சிறிய வேகமான அலைகளுக்கு மாறின. இரண்டே ஆண்டுகளில் டொனால்ட் லிண்ட்ஸ்லி என்ற ஆய்வாளர் இதை உணர்ச்சிக்கும் நீட்டினார். ஆழ்ந்த தூக்கம் ஒரு கோடி, வெறிபிடித்த கோபம் மறுகோடி, நடுவில் உள்ளதெல்லாம் ஒரே அளவுகோலின் புள்ளிகள் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. அழகான கோட்பாடு. ஆனால் குதூகலத்தின் உச்சத்தில் கால் துவளும் நாயை அந்த அளவுகோலில் எங்கே வைப்பது?

விடையின் முதல் நுனி ஒரு கொள்ளைநோயிலிருந்து கிடைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் வியன்னாவில் ஒரு விநோத மூளை அழற்சி பரவியது. பெரும்பாலான நோயாளிகள் நாள்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்கோ தூக்கமே வரவில்லை. 1917இல் இதை விவரித்த மருத்துவர் கான்ஸ்டான்டின் வான் எகோனோமோ, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார். தூங்கியே கிடந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பின்பகுதி சிதைந்திருந்தது. தூக்கமில்லாமல் தவித்தவர்களுக்கு முன்பகுதி. ஹைப்போதலாமஸ் என்பது மூளையின் அடியில், பாதாம்பருப்பு அளவே உள்ள இடம். நார்கோலெப்ஸியின் மூலமும் அந்தப் பின்பகுதியில்தான் இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். வெறும் கண்ணும் நுண்ணோக்கியும் கொண்டு செய்த ஊகம். அது சரியென்று தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல், ஹைப்போதலாமஸில் சுரக்கும் ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. கலிஃபோர்னியாக் குழு அதை ஹைப்போக்ரெட்டின் என்றது. டல்லாஸில் யானகிசாவா, சகுராய் குழு ஒரெக்சின் என்றது. எலிகளுக்குச் செலுத்தியபோது அவை கூடுதலாகத் தின்றதால், பசி தொடர்பானது என்று அவர்கள் நினைத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் கதை திரும்பியது. ஸ்டான்ஃபோர்டில் இம்மானுவேல் மின்யோ, பத்தாண்டு உழைப்புக்குப் பின், அந்த நாய்களில் பழுதான மரபணுவைப் பிடித்தார். ஒரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு அது! அதே மாதம் டல்லாஸ் குழு, ஒரெக்சினே இல்லாத சுண்டெலிகள் இரவில் ஓடியாடும்போது பொத்தென்று விழுவதை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்ததாக அறிவித்தது. 2000இல் மனித மூளைகளை ஆராய்ந்தபோது, நார்கோலெப்ஸி நோயாளிகளிடம் ஒரெக்சின் செல்களில் 85 முதல் 95 சதவீதம் வரை அழிந்திருந்தன. ஆரோக்கியமான மூளையிலேயே இவை சில பத்தாயிரம்தான் உண்டு.

இந்தச் செல்கள் தனியாக யாரையும் எழுப்புவதில்லை. எழுப்பும் வேலைக்கு நார்அட்ரினலின், ஹிஸ்டமின், செரட்டோனின் சுரக்கும் செல்கூட்டங்கள் இருக்கின்றன. பழைய வகைச் சளி மாத்திரை தூக்கம் வரவைப்பது அது ஹிஸ்டமினைத் தடுப்பதால்தான். விழிப்புச் செல்களும் தூக்கச் செல்களும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கின்றன. ஒன்று ஓங்கினால் மற்றது ஒடுங்கும். காற்றில் அடித்துக்கொள்ளாமல் கதவுக்குக் கொடுக்கும் முட்டுக்கல்போல, ஒரெக்சின் விழிப்பின் பக்கம் நின்று தாங்குகிறது. அது இல்லாதவர் கூடுதல் நேரம் தூங்குகிறார் என்பதில்லை. பகலில் விழிப்பு நிலைப்பதில்லை. இரவில் தூக்கமும் நிலைப்பதில்லை.

சிரிப்பு எங்கே வந்தது? கனவு காணும் தூக்கத்தில் மூளை சுறுசுறுப்பாக இருக்கும், தசைகளோ செயலற்றிருக்கும். கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் நம்மைக் காப்பது இந்தத் தளர்ச்சிதான். விழித்திருக்கும்போது இது தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதில் ஒரெக்சினுக்குப் பங்குண்டு. சந்தோஷம் அந்தத் தளர்ச்சியைச் சற்றே சீண்டுகிறது. விழுந்து விழுந்து சிரிக்கும்போது நம் எல்லோருக்கும் கால் கொஞ்சம் தளரத்தான் செய்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் ஆரோக்கியமானவர்களைச் சிரிக்கவைத்து, தசை அனிச்சை குறைவதை அளந்தே காட்டினார்கள். ஒரெக்சின் இல்லாதவரிடம் அந்தச் சீண்டல் முழுத் தளர்ச்சியாகிவிடுகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் ஜெரோம் சீகலின் குழு கண்டதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. நாய் சரிந்த நொடியில் அதன் நார்அட்ரினலின் செல்கள் அடங்கிவிட்டன. ஹிஸ்டமின் செல்களோ தொடர்ந்து இயங்கின. ஒன்று அடங்கியதால் தசை தளர்ந்தது, மற்றது இயங்கியதால் நினைவு தப்பவில்லை. விழிப்பு என்று நாம் ஒன்றாக நினைத்தது குறைந்தது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. லிண்ட்ஸ்லியின் ஒற்றை அளவுகோலுக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

மனிதர்களில் இந்தச் செல்கள் அழிவது, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அவற்றைத் தாக்குவதால் என்று பெரும்பாலும் நம்பப்படுகிறது. ஒரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் என்ற தூக்க மாத்திரை 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதிர்த்திசை கடினம். ஒரெக்சினைப் போலச் செயல்படும் ஒரு மாத்திரை நோயாளிகளை நன்றாக விழித்திருக்கச் செய்தும், கல்லீரலைப் பாதித்ததால் 2021இல் அதன் சோதனை நிறுத்தப்பட்டது. அதே வகையில் வேறு மருந்துகள் தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன.

நார்கோலெப்ஸி பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்குகிறது. வகுப்பில் தூங்கினால் சோம்பேறி, சிரிக்கும்போது விழுந்தால் வலிப்பு, தூங்கி எழும்போது உடலை அசைக்க முடியாவிட்டால் அமுக்குவான் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. போதிய அளவு தூங்கியும் பகலில் அடக்கமுடியாமல் கண்ணயரும் பிள்ளையின் முழங்கால் சிரிக்கும்போது மடங்கினால், திட்டாதீர்கள், மந்திரிக்கவும் அழைத்துப்போகாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ஓர் இரவும் மறுநாள் பகலும் தூக்கத்தை அளக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.