பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் நிறுத்துவதா?
கொள்ளை நோய்க் காலத்தில் பெற்றோர் பட்ட பாடும் நமது சங்கங்களின் கடமையும்

காமராசர் பிறந்த விருதுநகரை அடுத்துள்ள சூலக்கரை போன்ற ஊர்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பெற்றோருக்கு இன்று எவரும் புத்திமதி கூற வேண்டியதில்லை. பொழுது விடிந்தால் தறியோசை கேட்பது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பு பிள்ளைகள் புத்தகப் பையுடன் புறப்படுவது. அந்த இயல்பு 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறுபட்டது. கொரோனா என்னும் கொள்ளை நோய் பரவவே, தமிழ்நாட்டுப் பள்ளிகள் யாவும் அடைக்கப்பட்டன. சில வாரங்களில் திறந்துவிடும் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகள் மீண்டும் பள்ளியில் அமர்ந்தது 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்றுதான். ஏறக்குறைய 19 மாதங்கள் கடந்துவிட்டன.

அந்த நாட்களை இப்பொழுது நினைவூட்டுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். துன்பம் நீங்கியவுடன் அது தந்த பாடத்தையும் மறந்துவிடுவது மனித இயல்பு. அடுத்த நோய் வரும்போது நாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பெற்றோரிடம் கேட்ட கேள்வி

பள்ளியைத் திறக்கலாமா என்று அரசு பெற்றோரையே கேட்டது. 2020 நவம்பர் 16-ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளைத் திறக்கலாம் என அறிவித்த பின், நவம்பர் 9-ஆம் தேதி அந்தந்தப் பள்ளியில் பெற்றோரின் கருத்தை எழுதி வாங்கினர். கருத்துகள் ஒன்றுபடவில்லை, திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. 2021 சனவரியில் மீண்டும் கேட்டபோது பெரும்பாலோர் திறக்கலாம் என்றனர். அம்மாதம் 19-ஆம் தேதி பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும், அறைக்கு 25 பேர் என்ற அளவில், பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதத்துடன் தொடங்கின.

இரண்டு மாதங்களுக்குள் மனம் மாறினார்களே என்று பெற்றோரைக் குறை கூறுவது நியாயமன்று. நவம்பரில் மழைக்காலம், காய்ச்சல் எதனால் வந்தது என்று அறியாமலே அஞ்சவேண்டிய பருவம். சனவரியில் நோய் தணிந்திருந்தது. பொதுத் தேர்வும் நெருங்கியிருந்தது. நிலைமை மாறியது, அதற்கேற்ப முடிவும் மாறியது. அதே ஆண்டு மார்ச்சில் நோய் மறுபடி பெருகவே பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டதும், செப்டம்பர் முதல் தேதி உயர் வகுப்புகள் திறக்கப்பட்டதும், 2022 சனவரியில் இன்னொரு முறை மூடப்பட்டுப் பிப்ரவரியில் திறக்கப்பட்டதும், ஒரே முடிவு எக்காலத்துக்கும் பொருந்தாது என்பதையே காட்டுகின்றன.

ஒற்றை அறை வீடு

முடிவு எடுப்பது எல்லோருக்கும் கடினம். நம்மவர்களுக்கு இருமடங்கு கடினம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தனியே வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் கூறுவார். குழித்தறி போட்ட நெசவாளர் வீட்டில் பெரிய இடம் என்பது தறி இருக்கும் இடமே. எஞ்சிய அறையில் அடுப்பும், பானையும், பாட்டியின் கட்டிலும் இருக்கும். பிள்ளைகளுக்கு இந்நோய் கடுமையாவது அரிது. முதியோரையே அது வாட்டியது. ஆகவே தாயின் அச்சம் பிள்ளையைப் பற்றியது மட்டுமன்று. பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் நோய் பாட்டியைத் தொட்டுவிடுமோ என்பதும் ஆகும்.

பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் கவனிக்க ஒருவர் இருந்தாக வேண்டும். கூலிக்குச் செல்லும் குடும்பத்தில் அவ்வொருவரின் அன்றைய வருமானம் போய்விடும். அடுத்த வீட்டார் ஒதுக்கிவைப்பார்களோ என்ற கூச்சமும் உண்டு. இவ்விரண்டுக்கும் அஞ்சிக் காய்ச்சலை மறைத்தவர்களை நாம் அறிவோம். அவர்களைக் குற்றவாளிகளாக்குவதில் பயனில்லை. மறைக்க வேண்டிய அவசியம் நேராதபடி செய்வதே வழி.

வீட்டில் நின்ற பிள்ளை என்ன செய்தது?

கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. கைபேசி வழியாகவும் ஆசிரியர்கள் பாடம் சொன்னார்கள். ஆனால் ஒரு கைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில், அந்தக் கைபேசி பகலெல்லாம் தகப்பனாருடன் வேலைக்குப் போய்விடும். சும்மா இருக்கும் பிள்ளை முதலில் தார் சுற்றும். பருத்தி எடுப்புக் காலத்தில் காட்டுக்குப் போகும். சில நாள் உதவி என்று தொடங்குவது மெல்ல மெல்ல நிரந்தரமாகிவிடும்.

சிவகாசி வட்டாரத்தார் இதன் ஆபத்தைப் பிறரைக் காட்டிலும் நன்கு அறிவர். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்களை ஈடுபடுத்தியது பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்தப்படும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அரும்பாடுபட்டு மூடிய அந்த வாயிலை, பள்ளிக்கூடம் அடைபட்ட காலம் மறுபடி திறந்துவிடலாகாது.

இழப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஊரகப் பிள்ளைகளிடையே நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர்கள் 2018-இல் நூற்றுக்குச் சுமார் 10 பேர்; 2022-இல் 5 பேருக்கும் குறைவு. முன்பே குறைவாக இருந்தது பாதியாயிற்று.

இதைச் சீர்செய்யவே 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் சுமார் 20 பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். திண்ணையும் கோவில் மண்டபமும் வகுப்பறைகளாயின. ஊரே முன்வந்தால் பள்ளியின் குறையை ஓரளவு ஈடுசெய்யலாம் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக்கூடியவை

தனித்தனிக் குடும்பமாக நின்று முடிவெடுத்ததே பெற்றோர் பட்ட பாட்டின் வேர் என்பது நமது துணிபு. பலர் கூடிச் சுமந்தால் இலேசாகும் என்பதன்றோ கூட்டுறவு!

முதலாவதாக, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கு அளித்துள்ளது. அங்கத்தினர்களும், சிறப்பாகத் தாய்மார்களும், அக்குழுவில் பங்கெடுக்க வேண்டும். திறப்பதா, மூடுவதா என்ற பேச்சு அங்கே நடக்கட்டும்.

இரண்டாவதாக, நோய் கண்ட வீட்டுக்குச் சங்கமே நூலைக் கொண்டுசென்று வாசலில் வைத்து, நெய்த துணியையும் வாசலிலேயே பெற்றுக்கொள்ளலாம். கூலி நின்றவர்களுக்குப் பொதுநல நிதியிலிருந்தோ முன்பணமாகவோ சிறு தொகை வழங்கலாம். அடுப்பு எரியும் என்று தெரிந்தால் எந்தத் தகப்பனும் பிள்ளையின் காய்ச்சலை மறைக்கமாட்டான்.

மூன்றாவதாக, மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடத்தைப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடலாம். ஒரு விளக்கும், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், படித்த ஓர் இளைஞரும் போதும்.

நான்காவதாக, பள்ளி திறந்ததும் திரும்பிவராத பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியரிடம் கேட்டறிந்து, அவ்வீட்டுக்கு நிர்வாகக் குழுவினர் நேரில் செல்ல வேண்டும். பங்குத்தொகை பாக்கிக்காக வீடு தேடிச் செல்லும் நாம், படிப்பு பாக்கிக்காகச் செல்லத் தயங்கலாமா?

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அதை முடிந்த பிறகே மேலே நெய்கிறார். 19 மாதங்களில் அறுந்த இழைகள் சில இன்னும் முடியப்படாமல் இருக்கின்றன. அவை நம் வீட்டுப் பிள்ளைகள்.