ரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

வயலின் வாய்மடையை அகலத் திறந்து வடிகாலை மட்டும் குறுக்கிவிட்டால், தேங்கிய நீரின் பாரத்தால் வரப்பு கசியத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா?

அதுபோலவே, ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளுக்குள் வரும் நாளம் விரிந்தும், வெளியேறும் நாளம் ஆஞ்சியோடென்சின் என்னும் ரசாயனத்தால் சுருங்கியும் போவதால், உள்ளே அழுத்தம் பெருகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது.

காப்டோபிரில், லோசார்டன் போன்ற ரத்த அழுத்த மருந்துகள், அந்த ரசாயனத்தின் சக்தியை ஒடுக்கி, வெளியேறும் நாளத்தை விரித்து, வடிகட்டியின் பாரத்தைத் தணிக்கின்றன. காப்டோபிரில் நீரிழிவால் வரும் இந்தச் சிறுநீரக நோயின் கதியைத் தாமதப்படுத்துவது 1993-இல் வெளியான ஆராய்ச்சியால் நிரூபணமாயிற்று.

ஆரம்பக் கசிவு வலி எதுவும் தராது. ஆதலால், நீரிழிவு உள்ளவர்கள் வருஷந்தோறும் சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவரின் யோசனையின்றி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.