கொட்டாஞ்சேனையிலிருந்து பலெர்மோ வரை: இத்தாலியப் பண்பாட்டுத் தொடர்பு பற்றிச் சில குறிப்புகள்

பிறநாட்டுப் பண்பாட்டைக் கொண்டாடுதல் இன்று நகர வாழ்வின் வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. 2001ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வோர் ஒக்டோபர் மாதத்திலும் இத்தாலிய மொழி வாரம் உலகின் பல தலைநகரங்களில் இத்தாலிய அரசின் ஆதரவுடன் கொண்டாடப்பட்டு வருகின்றது. தாந்தேயின் காவியமும் மறுமலர்ச்சிக் கால ஓவியமும் இசைநாடகமும் திரைப்படமும் உணவு வகைகளும் இத்தகைய விழாக்களில் இத்தாலியின் அடையாளங்களாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றைச் சுவைப்பதில் தவறேதும் இல்லை. ஆயினும், பண்பாட்டைச் சமுதாய வரலாற்றோடு இயைத்து நோக்க முற்படும் நாம் ஒரு வினாவை எழுப்பாதிருக்க முடியாது. கொண்டாடப்படுவது எந்த இத்தாலி? அது யாருடைய இத்தாலி?

கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்குரிய விடையை விழா மண்டபத்தில் தேடுவதிலும் பார்க்கத் தெருவில் தேடுவது பயன் தரும். இத்தாலி என்று பெயர் சூட்டப்படாமலே இத்தாலியப் பண்பாட்டின் கூறுகள் பல நெடுங்காலமாக நம்மிடையே வழங்கி வருகின்றன. அவை வந்த வழியும், அவற்றைப் பொதுமக்கள் தமதாக்கிக்கொண்ட முறையும், அதே மக்கள் பின்னர் இத்தாலிக்கே உழைப்பாளராகச் சென்ற கதையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகும். அவ்வரலாற்றின் சில அமிசங்களை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

1. பெயர்களில் உறையும் வரலாறு

கொட்டாஞ்சேனைப் பேராலயம் புனித லூசியாளின் பெயர் தாங்கியது. லூசியாள் சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துப் பெண். உரோமப் பேரரசின் துன்புறுத்தலில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிர்நீத்தவர் என்பது மரபு. 1865 இல் நிறுவப்பட்ட புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியின் பெயருக்குரியவர் இத்தாலியின் நூர்சியாவிற் பிறந்த துறவி. வெள்ளவத்தையிலே கோவில் கொண்டுள்ள புனித லோரன்ஸ் உரோமை நகரிற் கொல்லப்பட்ட திருத்தொண்டர். கொச்சிக்கடைப் புனித அந்தோனியாரோ போர்த்துக்கலின் லிஸ்பனிற் பிறந்தவர். எனினும் 1231 இல் அவர் மறைந்த பாதுவா என்ற இத்தாலிய நகரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றார்.

இப்பெயர்கள் தற்செயலாக வந்து சேர்ந்தவை அல்ல. 1845 தொடக்கம் இலங்கையிற் பணியாற்றிய சில்வெஸ்திரிய பெனடிக்தின் துறவிகள் இத்தாலியர். அவர்களுள் ஒருவரான இலாரியோன் சில்லானி 1863 முதல் 1879 வரை கொழும்பின் ஆயராக விளங்கினார். இன்றைய புனித லூசியாள் பேராலயத்தின் கட்டடப் பணி அவருடைய காலத்திலேயே தொடங்கியது. 1883 இல் கொழும்பு பிரெஞ்சுப் பின்னணி கொண்ட அமலமரித் தியாகிகள் சபையிடம் ஒப்படைக்கப்பட, இத்தாலியத் துறவிகள் கண்டியைத் தமது களமாகக் கொண்டனர். யாழ்ப்பாணம் தனித் திருச்சபைப் பிரிவாக்கப்பட்டபோது அதன் முதல் ஆயராக அமைந்த பெத்தாக்கினியும் இத்தாலியரே.

நிறுவனம் என்ற வகையில் இது மேலிருந்து வந்த பண்பாடு. காலனித்துவ ஆட்சியின் நிழலில் அது வளர்ந்தது என்பதை மறைத்தல் தகாது. ஆனால் நிறுவனம் கொடுத்தது ஒன்று, மக்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. கொச்சிக்கடை ஆலயத்திற் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுவோரிற் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் உளர். துறைமுகத் தொழிலாளியும் நடைபாதை வியாபாரியும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைக்கும்போது அந்தோனியார் பாதுவாவின் இறையியல் அறிஞராக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தொலைந்ததை மீட்டுத் தருபவராகவும், நோயும் கடனும் தீர்ப்பவராகவும், முறையீட்டைச் செவிமடுக்கும் அண்டை வீட்டாராகவுமே தோன்றுகின்றார். ஜூன் 13ஆந் திகதித் திருவிழா கொட்டாஞ்சேனையின் திருவிழாவாகிவிட்டது. 2019 ஏப்ரல் 21 இல் அவ்வாலயத்திற் குண்டு வெடித்தபோது அதனைத் தமது இழப்பாக உணர்ந்தோர் ஒரு சமயத்தவர் அல்லர். பண்பாடு ஒன்று வேரூன்றியமைக்கு அதன் பிறப்பிடம் மறக்கப்படுவதே தக்க சான்றெனலாம்.

2. தமிழ் கற்ற இத்தாலியர்

இத்தாலியருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு என்றதும் நம் புலமையுலகம் இருவரை நினைவுகூரும். 1606 இல் மதுரையை அடைந்து தத்துவ போதகர் எனப் பெயர் கொண்ட ரொபேர்ட்டோ தெ நொபிலி ஒருவர். முதுமையிற் சில காலம் அவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தமை நமக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மற்றவர் 1680 இல் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்த கொன்ஸ்தாந்தினோ பெஸ்கி, நாம் அறிந்த வீரமாமுனிவர். 3615 பாடல்களாலான தேம்பாவணியும் 1732 இல் நிறைவெய்திய சதுரகராதியும் அவர் புகழை நிலைநாட்டின. 1968 இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

எனினும் முனிவரின் புலமையைப் புகழ்வதோடு நாம் அமைந்துவிடலாகாது. அவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு மற்றோர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். மக்களிடம் பேச வேண்டியிருந்தமையாற் பேச்சுமொழி இலக்கணத்திற்குத் தகுதியுடையதாயிற்று. 1738 இல் அக்கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடியில் அச்சிட்டோர் அவருடைய சமயப் போட்டியாளரான லூதரன் சபையினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கொள்கை வேறுபட்டாலும் தேவை ஒன்றாயிருந்தது.

இவ்விரட்டை வழக்கு பெஸ்கிக்குப் புதுமையாக இருந்திராது. ஏனெனில் அவர் பிறந்தபோது இத்தாலி என்றொரு நாடே இருக்கவில்லை. பல சிற்றரசுகளும் பல வட்டார மொழிகளுமே இருந்தன. மக்கள் மொழியின் பெருமையைத் தாந்தே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துரைத்தபோதும் அந்நூலை இலத்தீனிலேயே எழுத வேண்டியவரானார். 1861 இல் இத்தாலி ஒரே அரசானபோது இத்தாலியம் அறிந்தோர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ கணித்தார். நூற்றுக்குப் பத்து என உயர்த்திக் கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், இன்று விழாவெடுக்கப்படும் அம்மொழி அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பான்மையோருக்குப் பள்ளியிலும் படையிலும் தொழிற்சாலையிலும் பின்னர் கற்பிக்கப்பட்ட மொழியேயாகும்.

3. இத்தாலியம் கற்ற தமிழர்

எதிர்த்திசைப் பயணத்திலும் புலமையாளரே முதலிற் கண்ணிற்படுகின்றனர். ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்து கொழும்பிற் குருத்துவக் கல்வி பெற்ற சேவியர் தனிநாயகம் அடிகள் 1934 முதல் 1939 வரை உரோமையிற் பயின்றார். 1679 இல் அச்சான அந்தாங் தெ புறோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து 1966 இல் மறுபதிப்புச் செய்தவர் அவரே. நொபிலியும் பெஸ்கியும் நடந்த பாதையில் ஒரு தமிழர் திரும்பி நடந்தார் எனலாம்.

ஆனால் தொகையாற் பெரிய பயணம் வேறு. 1876 முதல் 1976 வரையான நூற்றாண்டில் ஏறத்தாழ 260 இலட்சம் இத்தாலியர் பிழைப்புத் தேடித் தம் நாட்டைவிட்டு வெளியேறினர். சிசிலி முதலான தென்பகுதியின் வறிய உழவர் அவர்களுட் பெருந்தொகையினர். வடபகுதித் தொழில் முதலாளியமும் தென்பகுதி நிலவுடைமையும் செய்துகொண்ட சமரசமே அவ்வறுமையை நிலைபெறச் செய்தது என்பதை அந்தோனியோ கிராம்சி 1926 இல் தென்பகுதிப் பிரச்சினை பற்றி எழுதுகையில் விளக்கினார். 1970களில் நிலைமை மாறியது. ஆட்களை அனுப்பிய நாடு ஆட்களைப் பெறும் நாடாயிற்று. முதியோரைப் பராமரிக்கவும் வீடு துப்புரவு செய்யவும் குழந்தை வளர்க்கவும் அங்கு கைகள் தேவைப்பட்டன. கத்தோலிக்கத் தொடர்புகளின் வழியே இலங்கையர் செல்லலாயினர். இன்று அங்கு வாழும் இலங்கையர் ஒரு இலட்சம் அளவினர். அவர்களுட் பெரும்பாலார் சிங்களவர். வென்னப்புவப் பகுதி குட்டி இத்தாலி என அழைக்கப்படுவதற்கு அங்கிருந்து வந்த பணமே காரணம்.

தமிழரின் பயணத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. 1983 வன்செயல்களும் பின்னர் போரும் அவர்களைத் துரத்தின. வெள்ளவத்தை விடுதிகளில் மாதக்கணக்கிற் காத்திருந்து புறப்பட்டோருட் சிலர் இடைவழியில் இத்தாலியில் தங்கினர். சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் அவ்வாறு ஒரு தமிழ்ச் சமுதாயம் உருவாயிற்று.

இவர்களும் மொழி கற்றனர். பெஸ்கி கற்பிப்பதற்காகத் தமிழ் கற்றார். இவர்கள் கட்டளையை விளங்கிக்கொள்வதற்காக இத்தாலியம் கற்றனர். அவருக்குப் பண்டிதர் ஆசிரியராயிருந்தனர். இவர்களுக்குச் சமையலறையும் நோயாளியின் படுக்கையும் பள்ளிக்கூடங்களாயின. முதியவளின் முனகலைக் கொண்டே அவள் வேண்டுவது தண்ணீரா மருந்தா என அறிந்துகொள்ளும் பெண்ணிடம் உள்ள மொழியறிவு எந்த அகராதியிலும் ஏறவில்லை. பண்பாட்டுத் தொடர்பு பற்றிய நமது நூல்கள் முன்னையதைப் பொன்னெழுத்திற் பொறித்தன. பின்னையதைத் தொடர்பு என்றே கணிக்கவில்லை. இவ்வேறுபாடு மொழியின்பாற்பட்டதன்று, வர்க்கத்தின்பாற்பட்டது.

4. மலையேறும் தமிழர்

பலெர்மோவின் காவல் தெய்வம் புனித ரோசாலியா. பெல்லெக்ரினோ மலைக் குகையில் 1624 இற் கண்டெடுக்கப்பட்ட அவருடைய எலும்புகள் நகரைக் கொள்ளைநோயினின்று காத்தன என்பது ஐதிகம். அம்மலைக்குத் தமிழர்கள் ஏறிச் செல்கின்றனர். அவர்களுட் கத்தோலிக்கரும் உளர், இந்துக்களும் உளர். வெறுங்காலுடன் ஏறுவோரும் உளர். இது கண்டு சிசிலியர் வியப்பதுண்டு. கொட்டாஞ்சேனையை அறிந்த நமக்கு வியப்பில்லை. செவ்வாய்க்கிழமையில் அந்தோனியாரிடம் நேர்த்தி வைத்த அதே வழக்கம் கடல் கடந்து மலையேறியிருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்ததைத் தமதாக்கிய மக்கள், தமதாக்கும் அம்முறையையே இத்தாலிக்குக் கொண்டு சென்றுள்ளனர்.

இதனை ஒற்றுமையின் இனிய காட்சியாக மட்டும் வருணித்தால் உண்மையிற் பாதியை விட்டவராவோம். எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே மலையில் ஏறலாம். மறுநாட் காலையில் ஒருத்தி எசமானியாகவும் மற்றவள் பணிப்பெண்ணாகவுமே இருப்பர். மேலும், இத்தாலியின் 1992ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரத்த உறவை அடிப்படையாகக் கொண்டது. அங்கு பிறந்து, அங்கேயே பயின்று, சிசிலிய வழக்கிற் பேசும் தமிழ்க் குழந்தை, பெற்றோர் குடியுரிமை பெறாதவிடத்து, பதினெட்டு வயது வரை காத்திருந்தே அவ்வுரிமையைக் கோரலாம். பரம்பரையை அளவுகோலாகக் கொண்ட 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டதை அறிந்த நாம், மண்ணில் உழைப்பவனை மண்ணுக்கு அந்நியனாக்கும் சட்டத்தின் பொருளை எளிதில் உணரலாம்.

5. முடிவாக

கிராம்சி சார்தீனியத் தீவிற் பிறந்தவர். தூரின் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர். மொழிப் பிரச்சினை தலைதூக்கும் போதெல்லாம் அதன் பின்னால் ஆளும் வர்க்கத்துக்கும் மக்களுக்குமிடையிலான உறவு மறுசீரமைக்கப்படுகின்றது என்பது அவர் சிறைக் குறிப்புகளில் வந்தடைந்த கருத்து. அதே வேளையில், 1927 இல் சிறையிலிருந்து தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், குழந்தை சார்தீனிய மொழியைப் பேசத் தடை செய்யாதிருக்குமாறு அவர் வேண்டினார். பொதுமொழியை உழைக்கும் மக்கள் கைப்பற்ற வேண்டும் என்ற அவரே, தாய்மொழியை வீட்டு வாசலில் விட்டுவர வேண்டியதில்லை என்றும் கண்டார். இத்தாலியிலே தமிழ்ப் பள்ளிகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதனிலும் பொருத்தமான இத்தாலிய அறிவுரை வேறில்லை.

ஆகவே இத்தாலியத்தைக் கொண்டாடுவோம். ஆனால் அதன் முழுமையிற் கொண்டாடுவோம். தாந்தேயையும் கிராம்சியையும் ஆங்கிலத்தின் வழியன்றி மூலத்திலிருந்தே தமிழாக்க வல்லவர் நம்மிடையே தோன்ற வேண்டும். அத்தகையோர் பல்கலைக்கழகத்தினின்று மட்டுமே வரவேண்டும் என்ற நியதி இல்லை. பலெர்மோவில் வளர்ந்த தொழிலாளியின் மகளுக்கு இரு மொழிகளும் பேச்சிலேயே கைவந்துள்ளன. அவளுக்கு வேண்டுவது எழுத்துப் பயிற்சியும் வாய்ப்புமே. அங்கு உழைத்துத் திரும்பியோரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்தல் நமது தமிழ்ச் சங்கங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே உள்ளது. அத்தெருக்களிலிருந்து புறப்பட்டுச் சென்றவர்களைத் தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை.

வீரமாமுனிவருக்கு நாம் சிலை வைத்தோம். அது தகும். பலெர்மோவில் ஒரு முதியவளின் கடைசி வார்த்தைகளைக் கேட்டு விளங்கிக்கொண்ட தமிழ்ப் பெண்ணுக்குச் சிலை வேண்டியதில்லை. அவளை நமது பண்பாட்டு வரலாற்றின் ஒரு பக்கத்திலேனும் எழுதிவைத்தல் வேண்டும்.