தலைமை துறந்த ரூட்டர்

ஒரே அறையில் அருகருகே இருக்கும் இரண்டு மடிக்கணினிகள் வைஃபை வழியே ஒரு கோப்பைப் பரிமாறிக்கொள்ள விரும்பினாலும், அது முதலில் ரூட்டருக்குச் சென்று, அங்கிருந்தே மற்றதைச் சேர வேண்டும் என்பது வீட்டு வலையின் பொது நியதி. ஆயினும் 1997ஆம் ஆண்டு வெளியான 802.11 என்னும் முதல் வைஃபை நியமத்திலேயே, தலைமைச் சாதனம் ஏதுமின்றி எல்லாக் கருவிகளும் சமமாக நின்று நேரே பேசிக்கொள்ளும் அட்-ஹாக் முறைக்கும் இடம் வகுக்கப்பட்டிருந்தது.

வலை இருப்பதை அறிவிக்கும் பீக்கன் என்ற சமிக்ஞையை, வழக்கமாக ரூட்டர் ஒன்றே விநாடிக்கு ஏறக்குறையப் பத்து முறை வெளியிடுகிறது. அட்-ஹாக்கில் அக்கடமை அனைவருக்கும் பொதுவாகி, குறித்த வேளை வந்ததும் ஒவ்வொரு கருவியும் தற்செயலாய்த் தேர்ந்த அற்ப அவகாசம் பொறுத்திருந்து, அதற்குள் வேறொன்றின் பீக்கன் கேட்டுவிட்டால் தன்னுடையதைக் கைவிடுகிறது. யந்திரங்களுக்கு வகுத்த விதிகளில் இத்தனை நயமான விட்டுக்கொடுத்தலை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் இம்முறை, ஒன்றின் அலை மற்றொன்றை நேரே எட்டும் தூரத்திலுள்ள கருவிகளையே இணைக்கும். இடையில் நிற்கும் கருவி ஒரு செய்தியை வாங்கி அப்பால் அனுப்ப வேண்டுமானால், வழி காணும் மென்பொருள் ஒன்று தனியே தேவை. ஜெர்மனி ஒன்றுபட்ட பின் கிழக்கு பெர்லினின் சில பகுதிகளில் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கப்பட்டதால், செப்புக் கம்பியை ஆதாரமாகக் கொண்ட டிஎஸ்எல் இணைப்பு அங்குள்ள ஜனங்களுக்குக் கிட்டாமற்போக, ஃப்ரைஃபுங்க் என்னும் சமூக வைஃபை இயக்கத்தினர் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி முதலிய வீட்டு ரூட்டர்களில் லினக்ஸ் சார்ந்த மாற்று மென்பொருளை ஏற்றி, அட்-ஹாக் முறையில் அமைத்து, வீட்டுக் கூரைகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் நிறுத்தினார்கள். 2003இல் விதியாக வெளியிடப்பட்ட ஓஎல்எஸ்ஆர் என்னும் வழி காணும் முறை, எந்த ரூட்டருக்கு எந்த அண்டை ரூட்டர் வழியாகப் போகலாம் என்பதை இடைவிடாது கணித்து, ஒன்று அணைந்தால் வேறு பாதையைக் காட்டியது. தலைவனை நீக்குவதோடு சமத்துவம் நிறைவெய்துவதில்லை, பிறர் சுமையையும் ஏற்றுச் செல்லும் ஏற்பாடு வேண்டும் என்பதை அவர்கள் செய்துகாட்டியதே இதன் அருமை.

அட்-ஹாக் அமைக்க விரும்புவோர் எல்லா ரூட்டர்களுக்கும் ஒரே பெயரையும் ஒரே சேனலையும், ஆனால் வெவ்வேறு ஐபி முகவரிகளையும் தர வேண்டும். அவ்வளவும் செய்த பிறகும், தனித்தனியே தொடங்கிய இரு குழுக்கள் வெவ்வேறு அடையாள எண்களைச் சூடிக்கொண்டு ஒன்றையொன்று புறக்கணிப்பதுண்டு. பழைய கடிகாரம் உடையதன் எண்ணை மற்றது ஏற்க வேண்டும் என்பது நியமம்; டிரைவர் மென்பொருள்கள் பல இதில் தவறியதால், பெர்லின்காரர்கள் பொதுவான ஓர் எண்ணை எல்லா ரூட்டர்களிலும் தாமே எழுதி வைத்தார்கள்.