இலங்கைச் சட்டத்தின் மூலாதாரங்கள்

ஷரீஅத்தின் மூலாதாரங்கள் எவையென வினவினால், திருக்குர்ஆன், ஸுன்னா, இஜ்மா, கியாஸ் என மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் விடை பகர்வான். ஆயின், நாம் வாழும் இலங்கைத் திருநாட்டின் சட்டத்துக்கு மூலாதாரங்கள் எவையென வினவினால் நம்மிற் பலர் வாய்மூடி நிற்கின்றோம். திருமணப் பதிவு முதல் காணி உறுதி வரை நம்மை ஆளும் சட்டத்தை அறியாதிருப்பது நமக்கே இழப்பாகும்.

இந்நாட்டின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமாகும். கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் அதனைக் கொணர்ந்தனர். 1796 இல் அப்பகுதிகள் ஆங்கிலேயர் வசமாயின. 1799 செப்டம்பர் 23 ஆம் தேதிய பிரகடனம், ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களே தொடருமென அறிவித்தது. ஆகவேதான் ஒப்பந்தம், காணியுடைமை போன்ற துறைகளில் அச்சட்டத்தின் செல்வாக்கு இன்றும் நிலைத்துள்ளது.

இரண்டாவது ஊற்று ஆங்கிலச் சட்டம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும், 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமும் அதன் வழிவந்தவை. வங்கி, காப்புறுதி, கப்பல் முதலிய வணிகத் துறைகளிலும் அதன் கொள்கைகள் இடம்பெற்றன. இவை அனைத்துக்கும் மேலாக 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விளங்குகின்றது. பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களும், மேலான நீதிமன்றங்களின் முன்தீர்ப்புக்களும் அதன்கீழ் அமைகின்றன.

மூன்றாவது ஊற்று மக்களின் தனியார் சட்டங்களாம். மலைநாட்டுச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழருக்கு 1707 இல் எழுத்துருப் பெற்ற தேசவழமை. முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம்.

இனிச் சட்டத்தின் பிரிவுகளை நோக்குவோம். குற்றவியலில் அரசே வழக்குத் தொடுத்துத் தண்டனை கோருகின்றது. நீதவான் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் அதனை விசாரிக்கின்றன. குடியியலில் ஒருவர் மற்றவருக்கெதிராகத் தம் உரிமையை நாடுகின்றார்; மாவட்ட நீதிமன்றம் அதற்குரிய களம். அடிப்படை உரிமை மீறப்பட்டவரோ, ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நேரே நாடலாம். களவு செய்தவன் எம்மதத்தினனாயினும் தண்டனைச் சட்டக்கோவை ஒன்றே. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றிலேயே தனியார் சட்டங்கள் வேறுபடுகின்றன.

கொழும்பில் வணிகம் நடத்தும் ஒரு முஸ்லிமை எண்ணிப் பாருங்கள். அவர் காணி வாங்கும்போது உரோமன் டச்சுச் சட்டத்தின் நிழலில் நிற்கின்றார். வங்கிக் கடன் பெறுகையில் ஆங்கில வழிச் சட்டம் அவரைப் பிணிக்கின்றது. மகளின் நிகாஹ் முஸ்லிம் சட்டத்தின்படி நிகழ்கின்றது. மரண சாசனமின்றி அவர் இறப்பின், 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் விதிகளுக்கேற்பச் சொத்துப் பங்கிடப்படும். ஒரே மனிதர், அவரை ஆளும் சட்டங்களோ பல!

நம் தனியார் சட்டம் எழுத்துருப் பெற்ற வரலாறும் அறியத்தக்கது. ஆளுநர் பால்க் காலத்தில், 1770 இல், பத்தாவியாவிலிருந்து ஒரு சட்டத் தொகுப்பு தருவிக்கப்பட்டது. கொழும்பு முஸ்லிம் தலைவர்களின் இணக்கத்துடன் அது 1806 இல் கோவையாக்கப்பட்டது. 1852 இல் தீவு முழுமைக்கும் விரிந்தது. பின்னர் 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் வந்தன. காதி நீதிமன்றங்களை இயக்குவது அச்சட்டமே. காதியின் தீர்ப்பில் நிறைவுறாதவர் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

இவ்வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. ஷரீஅத் வேறு, அதனைத் தழுவி மனிதர் எழுதிய சட்டவாக்கம் வேறு. 1951 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது அச்சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தை வேண்டவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் திருமணத்தையும் காதியின் அனுமதியுடன் பதிய இடமளித்தது. இவற்றைத் திருத்துமாறு முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாகக் குரலெழுப்பினர். 2009 இல் முன்னாள் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 இல் அறிக்கை சமர்ப்பித்தபோது, அங்கத்தவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நின்றனர். மார்க்கத்தின் எல்லை எது, மனிதர் வரைந்த கோடு எது என்பதே அவ்விவாதத்தின் உயிர்நாடியாகும்.

சகோதர சகோதரிகளே! அவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் முதலிற் சட்டத்தைப் படித்தல் வேண்டும். படியாது காப்போம் என்பதும், படியாது மாற்றுவோம் என்பதும் நீதிக்குத் துணை செய்யா. காதி நீதிமன்ற வாயிலில் கைக்குழந்தையுடன் பராமரிப்புச் செலவு வேண்டி நிற்கும் பெண்ணுக்குத் தன் உரிமை எச்சட்டத்தில் உள்ளதென எடுத்துரைக்க, ஒவ்வொரு மஹல்லாவிலும் அறிந்தோர் சிலரேனும் இருத்தல் வேண்டும். நீதிக்குச் சாட்சியாளராய் நிற்க ஏவப்பட்ட சமுதாயத்தின் கடமை அதுவன்றோ!