சொட்டாத குழாயின் இழப்பு

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக் கடைவீடுகளின் பின்சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஏர்கோன் குழாய்கள் கறுப்பு ரப்பர் நுரையைப் போர்த்திக்கொண்டு மாடி மாடியாய் ஏறுவது தெரியும். அந்தப் போர்வையை மறந்தால் குளிர்ந்த செம்புக்குழாய் வியர்த்துச் சொட்டும். மறுநாளே புகார் வந்துவிடும். சுடுநீர்க் குழாய் சொட்டுவதில்லை. அதன் சூடு சத்தமில்லாமல் காற்றில் கரைந்து, மாதக் கடைசியில் மின்கட்டணத்துக்குள் ஒளிந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு என்பதால்தான் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஹீட்டரை வாங்கும்போது விலையையும் பிராண்டையும் அலசும் நாம், அதிலிருந்து குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

“வெயில் நாட்டில் குழாய்க்கு எதற்குப் போர்வை?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்விதான், ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. சூடு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதைத் தண்ணீருக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசமே முடிவுசெய்கிறது. தொட்டியில் 60 டிகிரி, கோலாலம்பூர்க் காற்றில் 28 டிகிரி என்றால் வித்தியாசம் 32. குளிர்நாட்டில் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். அங்கே வித்தியாசம் 40. பெரிய இடைவெளி இல்லை. அதோடு, அங்கே குழாயிலிருந்து கசியும் சூடு குளிர்காலத்தில் வீட்டுக்கே பயன்படுகிறது. இங்கே அது அறைக்குள் சேர்ந்தால் ஏர்கோன் அதை வெளியேற்ற மறுபடியும் மின்சாரம் தின்கிறது. ஒரே சூட்டுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம்.

போர்வைக்கு முன்னால் நீளத்தைப் பார்க்க வேண்டும். கடைவீடு என்பது அகலம் குறைந்து, ஆழம் நீண்ட கட்டடம். தொட்டி மொட்டைமாடியின் ஒரு கோடியில், குளியலறை இரண்டு மாடி கீழே மறுகோடியில் என்று அமைந்துவிட்டால் 20 மீட்டர் குழாய் சாதாரணமாக ஓடும். 22 மில்லிமீட்டர் செம்புக்குழாயில் அந்த நீளத்துக்கு 6 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். 15 மில்லிமீட்டர் குழாயில் ஏறக்குறைய 3 லிட்டர்தான். குளித்து முடித்ததும் குழாயில் தங்கும் அந்தத் தண்ணீர் ஆறிவிடுகிறது. அடுத்து வருபவர் அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுச் சூடு வரக் காத்திருக்கிறார். சிறிய குழாயில் வேகம் குறையாதா என்றால், குறையும். கூரைத் தொட்டியிலிருந்து தன் எடையால் மட்டும் இறங்கும் தண்ணீருக்கு அது உண்மையான சிக்கல். ஆனால் உராய்வு நீளத்தோடு கூடுவது. ஹீட்டர்வரை வரும் பச்சைத்தண்ணீர்க் குழாயைப் பெரிதாக வைத்து, ஹீட்டரைக் குளியலறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், சிறிய சுடுநீர்க் குழாயே போதும். சுவரில் மாட்டும் இன்ஸ்டன்ட் ஹீட்டரின் பலமும் இதுதான்: அதற்குச் சுடுநீர்க் குழாயே இல்லை என்று சொல்லலாம். வீடுகளுக்கு அது போதும். ஆனால் 20 அறை உள்ள விடுதியில் எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் குளித்தால் 60, 70 கிலோவாட் தேவைப்படும். அங்கே தொட்டியைத் தவிர்ப்பது கடினம்.

தொட்டி என்று வந்தால், குழாயின் வளைவு முக்கியமாகிறது. தொட்டியின் உச்சியிலிருந்து குழாய் நேராக மேலே போனால், யாரும் திறக்காத நடுராத்திரியிலும் அதற்குள் ஓட்டம் நடக்கும். சூடான நீர் நடுவில் ஏறும், குழாய்ச் சுவரில் பட்டு ஆறிய நீர் ஓரமாய் இறங்கும். வெளியே வந்த குழாயை ஒரு சாண் கீழே இறக்கிப் பிறகு மேலேற்றினால் அந்த ஓட்டம் நின்றுவிடும், ஏனென்றால் இலேசான சுடுநீர் தானாகக் கீழே இறங்காது. கிள்ளான் பக்கத்து வீட்டுக்கூரைகளில் தெரியும் சூரிய ஹீட்டர்களில் பலவும் இதே இயல்பை நம்பியவை. தகடு கீழே, தொட்டி மேலே இருப்பதால் பகலில் பம்ப் இல்லாமலே சூடு ஏறுகிறது, இரவில் திரும்பி இறங்குவதில்லை. இத்தனை சிக்கனமான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, தொட்டியிலிருந்து கீழே வரும் குழாயைப் போர்த்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

காத்திருப்பைத் தவிர்க்க, பம்ப் வைத்துச் சுடுநீரைச் சுற்றிக்கொண்டே இருக்கச் செய்யும் விடுதிகளும் உண்டு. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் குழாய் முழுவதும் இரவும் பகலும் சூடாகவே இருக்கும். போர்த்தாத 22 மில்லிமீட்டர் குழாய் 60 டிகிரியில் மீட்டருக்கு ஏறக்குறைய 20 வாட் இழக்கிறது. 30 மீட்டர் சுற்றுக்கு ஒரு நாளில் 14 யூனிட். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரை போர்த்தினால் அது 4 யூனிட் சொச்சத்துக்கு இறங்கும். சூட்டையே குறைத்துவிடலாமே என்றால் கூடாது. வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அதனால்தான் பெரிய தொட்டிகளில் 60 டிகிரியும், திரும்பி வரும் குழாயில் 50 டிகிரிக்குக் குறையாமலும் வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஆக, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் குழாய்தான். ஏர்கோன் பொருத்துபவரிடம் இருக்கும் அதே ரப்பர் நுரை இதற்கும் பொருந்தும். வெயில் படும் இடத்தில் மட்டும் மேலே பெயிண்டோ டேப்போ வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். முழுக் கட்டடத்துக்கும் ஒரேயடியாய்ச் செலவழிக்க முடியாதவர்கள், தொட்டியை ஒட்டிய முதல் இரண்டு மீட்டரிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் குழாய் எப்போதும் கொதிப்பாக இருக்கிறது.